தில்லிக்குச் செல்வோர் காண வேண்டியவை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் குடும்பங்களில் பல வட இந்தியப் பயணம் புறப்படுகின்றன. ரயிலில் இரண்டு இரவுகளைக் கழித்துப் புதுதில்லியில் இறங்குகின்றனர். ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் செங்கோட்டை, குத்புமினார், இந்தியா கேட். மறுநாள் ஆக்ராவில் தாஜ்மஹால். எஞ்சிய பொழுதில் கரோல்பாக் கடைவீதி. இத்துடன் தில்லி முடிந்துவிடுகிறது. பேருந்தின் வழிகாட்டி கோட்டையின் நீளத்தையும் மினாரின் உயரத்தையும் ஒப்பிக்கிறார். பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கின்றனர்.

இதில் தவறில்லை. ஆனால் ஏறக்குறைய ஆறரை நூற்றாண்டுகள் முஸ்லிம் ஆட்சியாளர்களின் தலைநகராக விளங்கிய ஒரு நகரம், 1857-இல் அந்த நிலையை எவ்வாறு இழந்தது, இழந்தவற்றுள் எவை மீண்டன, எவை மீளவே இல்லை என்பதை அதே தெருக்களில் நடந்தபடி அறிந்துகொள்ள முடியும். அதற்கு இரண்டு நாள் போதும். செலவும் அதிகமில்லை. வழி தெரிந்தால் போதுமானது.

முன்சென்றோரின் முடிவைச் சிந்திக்கும் பொருட்டுப் பூமியில் பயணம் செய்யுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. அதே வேளையில், சிறப்பு நன்மையை நாடிப் பயணம் மேற்கொள்ளத்தக்க பள்ளிகள் மூன்று மட்டுமே என்பது நபிமொழி. தில்லியின் பள்ளிவாசல்கள் எவ்வளவு பழமையானவை ஆயினும் அவற்றில் தொழுவதற்கெனத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை. இங்கே சொல்லப்படுவது வரலாறு கற்கும் பயணம் பற்றியே என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

தில்லியைச் சுற்றிப் பார்ப்பதற்கு நல்லதொரு வழிகாட்டி நூலை அவ்வூர்க்காரர் ஒருவரே எழுதிவைத்துள்ளார். பிற்காலத்தில் அலிகரில் கல்லூரி நிறுவிய சர் சையித் அஹ்மத் கான்தான் அவர். 1817-இல் தில்லியில் பிறந்த அவர், அங்கே முன்சீப்பாகப் பணியாற்றிய காலத்தில், விடுமுறை நாள்களில் பழங்கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சென்று பார்த்து, அளந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, 1847-இல் ‘ஆஸாருஸ் ஸனாதீத்’ என்னும் உருது நூலை வெளியிட்டார். குத்புமினாரின் உயரத்தில் பொறிக்கப்பட்ட எழுத்துகள் கீழிருந்து பார்ப்போர் கண்ணுக்கு எட்டவில்லை. எனவே கழிகளில் கட்டித் தொங்கவிடப்பட்ட கூடை ஒன்றில் அமர்ந்து அவற்றைப் படித்து எழுதினார். அவருக்குத் துணையாக வந்திருந்த நண்பர், தில்லிக் கல்லூரியின் பார்சி ஆசிரியர் மௌலவி இமாம் பக்ஷ் ஸஹ்பாயீ, அந்தரத்தில் ஊசலாடும் கூடையைக் கண்டு அச்சத்தால் முகம் வெளிறி நிற்பாராம். சர் சையிதின் வரலாற்றை எழுதிய ஹாலீ இதனைக் குறிப்பிட்டுள்ளார்.

அந்நூலின் முதற்பதிப்பில் கட்டடங்கள் மட்டுமன்றி, அன்றைய தில்லியில் வாழ்ந்த அறிஞர்கள், கவிஞர்கள், மருத்துவர்கள், எழுத்தணிக் கலைஞர்கள் ஆகியோரைப் பற்றிய ஒரு பகுதியும் இடம்பெற்றது. சரியாகப் பத்தே ஆண்டுகளில் அப்பகுதியில் சொல்லப்பட்ட உலகம் இல்லாமற்போனது. கூடையைப் பார்த்துக் கலங்கி நின்ற ஸஹ்பாயீ, தம் மகன்களுடன் யமுனைக் கரையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நடந்ததைச் சுருக்கமாகக் கூறுவோம். 1857 மே 10-ஆம் நாள் மீரட்டில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் மறுநாள் காலை தில்லியை அடைந்து, எண்பது வயதைக் கடந்த பேரரசர் பஹதூர் ஷா ஸஃபரைத் தங்கள் தலைவராக அறிவித்தனர். நான்கு மாதங்கள் நகரம் அவர்கள் வசம் இருந்தது. செப்டம்பர் 14-ஆம் நாள் ஆங்கிலேயப் படை மதிலை உடைத்து நுழைந்தது. ஒரு வாரத்தில் நகரம் வீழ்ந்தது. அதன் பின் நகரவாசிகள் அனைவரும் மதிலுக்கு வெளியே துரத்தப்பட்டனர். இந்துக்கள் 1858-இல் திரும்பி வர அனுமதிக்கப்பட்டனர். முஸ்லிம்களுக்கோ அதற்குப் பின்னரும் நெடுநாள் தடை நீடித்தது. பள்ளிவாசல்கள் கைப்பற்றப்பட்டன. அப்பள்ளிகளின் கதையே பழைய தில்லியைச் சுற்றிப் பார்ப்பதற்கு நல்ல வழித்தடமாகும்.

முதல் நாளைச் செங்கோட்டையில் தொடங்கலாம். (திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை என்பதை நினைவில் கொள்க.) 1639-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1648-இல் நிறைவுற்ற இக்கோட்டையினுள், திவானே ஆம், திவானே காஸ் ஆகிய மண்டபங்களையும் ஆற்றின் பக்கம் வரிசையாக நிற்கும் சில பளிங்கு மாளிகைகளையும் காண்கிறோம். இவற்றுக்கு இடையே உள்ள பரந்த புல்வெளிகளைப் பூங்கா என்று எண்ணிக் கடந்துவிடக் கூடாது. அங்கெல்லாம் முற்றங்களும் மாளிகைகளும் நெருக்கமாக நின்றன. 1857-க்குப் பின் அரண்மனையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, படைவீரர் குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. பளிங்கு மண்டபங்களுக்கு நடுவே சற்றும் பொருந்தாமல் நிற்கும் உயரமான மாடிக் கட்டடங்கள் அவையே. அவற்றுள் சிலவற்றில் 2019 முதல் அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன. வெயில் நேரத்தில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது நல்லது.

திவானே காஸில் சிறிது நேரம் நிற்க வேண்டும். தம் முன்னோர் கொலு வீற்றிருந்த அதே மண்டபத்தில், 1858 ஜனவரி 27 முதல் பஹதூர் ஷா கைதியாக நிறுத்தி விசாரிக்கப்பட்டார். அரசருக்கு எதிராக அவருடைய குடிமக்களே புரிந்த துரோகம் என்று குற்றம் சாட்டுவது வழக்கம். இங்கே வணிகக் கம்பெனி ஒன்று, எந்த அரசரின் பெயரால் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை பெற்றதோ, அவருடைய பேரரை இராஜத் துரோகி என்று விசாரித்தது! இதே கோட்டையில்தான் 1945-இல் இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர் மீதும் வழக்கு நடந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் பலர் அப்படையில் இருந்தனர் என்பது நாம் நினைவுகூர வேண்டிய ஒன்று.

கோட்டையைக் கட்டிய ஷாஜஹான் அதனுள் பள்ளிவாசல் எதுவும் கட்டவில்லை. ஜும்ஆவுக்கு அரசரும் வெளியே வந்து மக்களோடு தொழ வேண்டும் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. உள்ளே இருக்கும் மோத்தி மஸ்ஜித் பின்னர் ஔரங்கசீப் கட்டியது.

கோட்டையிலிருந்து மேற்கே சிறிது தொலைவில், சிறு குன்றின் மீது ஜாமிஆ மஸ்ஜித் நிற்கிறது. 1656-இல் நிறைவுற்ற இப்பள்ளிக்கு ஷாஜஹான் இட்ட பெயர் மஸ்ஜிதே ஜஹான் நுமா. வடக்கு வாயிலுக்கு 39 படிகள், தெற்கே 33, கிழக்கே 35. அந்தப் படிகளின் மேலே நின்று கோட்டையை நோக்கித் திரும்பிப் பாருங்கள். இடையில் தெரியும் திறந்தவெளி ஒரு காலத்தில் வீடுகளும் கடைகளும் கல்விக்கூடங்களும் நிறைந்த பகுதியாக இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவ்வளவும் தரைமட்டமாக்கப்பட்டன. பள்ளியோடு சேர்த்து ஷாஜஹான் கட்டிய தாருல் பகா என்னும் மதரஸாவும், தாருஷ் ஷிஃபா என்னும் மருத்துவமனையும் இன்று இல்லை. தொழுமிடத்தின் ஒரு பக்கம் கல்வி, மறுபக்கம் மருத்துவம் என்று அமைந்த அந்த ஏற்பாட்டைக் கோட்டையின் பளிங்கைவிட மேலானதாக இக்கட்டுரையாளர் மதிக்கிறார்.

இப்பள்ளியும் தப்பவில்லை. நகரம் வீழ்ந்ததும் சிப்பாய்களின் பாசறையாக மாற்றப்பட்டது. இதனை இடித்துவிட வேண்டும் என்றும், தேவாலயமாக்க வேண்டும் என்றும் ஆங்கிலேயரிடையே யோசனைகள் எழுந்தன. அதிருஷ்டவசமாக அவை நிறைவேறவில்லை. ஐந்து ஆண்டுகள் பாங்கொலியும் ஜும்ஆவும் இன்றிக் கிடந்த பள்ளி, 1862-இல் பல நிபந்தனைகளுடன் முஸ்லிம்களின் நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பிறகு அது கண்டவை வேறு. 1919 ஏப்ரலில், ரௌலட் சட்ட எதிர்ப்புக் காலத்தில், ஆரிய சமாஜத் தலைவர் சுவாமி சிரத்தானந்தரை முஸ்லிம்கள் இப்பள்ளிக்கு அழைத்து உரையாற்றச் செய்தனர். 1947-இல், உயிருக்கு அஞ்சி ஊரைவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்த தில்லி முஸ்லிம்களை நோக்கி மௌலானா அபுல் கலாம் ஆஸாத் இங்கிருந்துதான் பேசினார். அஞ்சி ஓடாதீர்கள், இது உங்கள் மண் என்பது அந்த உரையின் சாரம். 1958-இல் மறைந்த அவருடைய அடக்கத்தலம் இப்பள்ளிக்கும் கோட்டைக்கும் இடையிலேயே அமைந்துள்ளது.

லுஹர் நேரத்தை இங்கே அமைத்துக்கொண்டால் ஜமாஅத்துடன் தொழலாம். பயணிகள் சுருக்கித் தொழ அனுமதி உண்டெனினும், உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுவோர் நான்கு ரக்அத்களையும் முழுமையாகவே தொழ வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நல்ல வாய்ப்பு இது.

தொழுகை முடிந்து கிழக்கு வாயில் வழியே இறங்கினால் சுபாஷ் பூங்கா வெகுதூரத்தில் இல்லை. இதனைக் காண வேண்டியவற்றின் பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை. சேர்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஷாஜஹானின் மனைவியருள் ஒருவரான அக்பராபாதி பேகம் 1650-இல் கட்டிய பெரும் பள்ளிவாசல் இப்பகுதியில்தான் நின்றதாகக் கருதப்படுகிறது. 1857-க்குப் பின் அது அடியோடு இடிக்கப்பட்டது. 2012-இல் மெட்ரோ ரயில் பணியின்போது இவ்விடத்தில் பழைய கட்டடச் சுவர்கள் வெளிப்பட்டதும், அவை அப்பள்ளியுடையவையே என்ற குரல் எழுந்து, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது.

இழந்தது ஒரு கட்டடம் மட்டுமன்று. ஷாஹ் வலியுல்லாஹ் திஹ்லவீ (ரஹ்) அவர்களின் மைந்தர் ஷாஹ் அப்துல் காதிர் (ரஹ்) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இப்பள்ளியின் ஓர் அறையில் கற்பித்தபடியே கழித்தார்கள். திருக்குர்ஆனுக்கு அவர்கள் எழுதிய உருது மொழிபெயர்ப்பு ஹிஜ்ரி 1205-இல் (கி.பி. 1790) நிறைவுற்றது. தந்தை பார்சியில் மொழிபெயர்த்தார். அது அரசவையின் மொழி. மகன் சந்தையிலும் சமையலறையிலும் புழங்கிய மொழியில் தந்தார். வேத வசனங்களைப் பேச்சு மொழியில் தரலாமா என்ற தயக்கம் வலுவாக இருந்த காலம் அது. பிற்காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கு அது முன்மாதிரியாயிற்று. முழுமையான தமிழ் மொழிபெயர்ப்பு நமக்குக் கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்ததை எண்ணும்போது, அந்தச் சிறிய அறையில் நடந்த பணியின் அருமை புலப்படும். அந்த அறை இன்று இல்லை. மொழிபெயர்ப்போ, உருது தெரிந்த எந்த நகரத்தின் நூற்கடையிலும் கிடைக்கிறது. பள்ளியின் தோற்றம் எப்படி இருந்தது என்பதை அறிய, சர் சையிதின் நூலையே புரட்ட வேண்டும்.

தரியாகஞ்ச் பகுதியில், பழைய ஆற்றங்கரையை ஒட்டி, ஔரங்கசீபின் மகள் ஸீனத்துன் நிஸா கட்டிய ஸீனத்துல் மஸாஜித் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இப்பள்ளியை ஆங்கிலேயப் படை ரொட்டி சுடும் கூடமாகப் பயன்படுத்தியது. கர்சன் பிரபுவின் காலத்தில்தான் விடுதலை கிடைத்தது. அரை நூற்றாண்டுக்காலத் தாமதம்! சுற்றுலாப் பேருந்துகள் இவ்விடம் வருவதில்லை. நகரின் கூச்சலிலிருந்து விலகி அமைதியாக அமர விரும்புவோருக்கு உகந்த இடம்.

அடுத்து சாந்தினி சௌக். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா வடிவமைத்த இவ்வீதியின் நடுவே அக்காலத்தில் கால்வாய் ஓடியது. அவர் வணிகர்களுக்காகக் கட்டிய சத்திரமும் 1857-க்குப் பின் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் டவுன் ஹால் எழுந்தது. வீதியின் மேற்குக் கோடியில் ஃபதேபூரி மஸ்ஜித் நிற்கிறது. இதன் கதை வியப்பானது. ஷாஜஹானின் இன்னொரு மனைவி ஃபதேபூரி பேகம் 1650-இல் கட்டிய இப்பள்ளியை ஆங்கிலேயர் ஏலத்தில் விட்டனர். எடுத்தவர் அவ்வீதியின் பெருஞ்செல்வரான லாலா சுன்னாமல். விலை கொடுத்து வாங்கிய அவர், இடிக்கவும் உரிமை பெற்றவர், ஆனால் இடிக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1877-இல், அரசு வேறு கிராமங்களை ஈடாகக் கொடுத்துப் பள்ளியைப் பெற்று முஸ்லிம்களிடம் ஒப்படைத்தது. சுன்னாமல் குடும்பத்தின் மாளிகை சாந்தினி சௌக்கில் இன்றும் உள்ளது. ஃபதேபூரியில் அஸர் தொழுதுவிட்டுத் திரும்பும்போது பிள்ளைகளுக்கு அம்மாளிகையைக் காட்டி, அந்த லாலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

வழியில் பல்லிமாரான் சந்துக்குள் நுழைந்தால் மிர்ஸா காலிபின் வீடு. இரண்டு அறைகளே எஞ்சியுள்ளன. கால் மணி நேரம் போதும். கவிதையைவிட, தம் நகரம் வெறிச்சோடியதைப் பற்றி அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள்தாம் வரலாற்று மாணவருக்குப் பயன் தருபவை.

இரண்டாம் நாள் தில்லி கேட் மெட்ரோ நிலையத்தில் தொடங்குகிறது. அருகில், பஹதூர் ஷா ஸஃபர் மார்க் சாலையில், வாகனங்களின் இரைச்சலுக்கு நடுவே பழைய கல்வாயில் ஒன்று நிற்கிறது. பெயர் கூனி தர்வாஸா, அதாவது குருதி வாயில். சரணடைந்த இளவரசர்கள் மிர்ஸா முகல், மிர்ஸா கிஸ்ர் சுல்தான், மிர்ஸா அபூபக்ர் ஆகிய மூவரையும் கேப்டன் ஹாட்சன் 1857 செப்டம்பர் 22-ஆம் நாள் விசாரணை ஏதுமின்றி இவ்விடத்தில் சுட்டுக் கொன்றான். அதன் அண்மையிலேயே, மௌலானா ஆஸாத் மருத்துவக் கல்லூரிக்குப் பின்புறம், மெஹ்ந்தியான் என்னும் அடக்கத்தலம் உள்ளது. ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களும், மைந்தர்கள் ஷாஹ் அப்துல் அஸீஸ், ஷாஹ் ரஃபீஉத்தீன், ஷாஹ் அப்துல் காதிர் (ரஹ்) ஆகியோரும் இங்கே அடங்கியுள்ளனர். பளிங்குக் கூரையோ குவிமாடமோ கிடையாது. ஸலாம் உரைத்து, துஆ செய்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். முதல் நாள் சுபாஷ் பூங்காவில் சொன்ன கதையின் தொடர்ச்சி இங்கே இருப்பதைப் பிள்ளைகள் தாமே உணர்ந்துகொள்வர்.

ஹுமாயூன் சமாதியை எல்லோரும் அறிவர். தாஜ்மஹாலுக்கு முன்னோடி என்று வழிகாட்டிகள் சொல்வதும் சரியே. ஆனால் இதன் வாயில்களில் இரண்டு முறை மக்கள் புகலிடம் தேடி வந்தனர். 1857 செப்டம்பரில் கோட்டையை விட்டு வெளியேறிய பஹதூர் ஷா, தம் குடும்பத்துடன் தம் மூதாதையின் கப்ரு இருக்கும் இவ்விடத்தில் தஞ்சம் புகுந்தார். உயிருக்கு உறுதி தரப்பட்டபின் இங்கேதான் சரணடைந்தார். 1947-இல், பிரிவினைக் கலவரத்தில் வீடிழந்த முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தோட்டத்தில் கூடாரமிட்டு, பாகிஸ்தான் ரயிலுக்காகக் காத்துக் கிடந்தனர். இன்று புல் வெட்டப்பட்டு, நீர் ஓடைகள் சீராக்கப்பட்டு, மிக அழகாக உள்ளது.

கடைசியாக மெஹ்ரவுலி. குத்புமினாரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அங்கிருந்தே திரும்பிவிடுகின்றனர். சிறிது தூரத்தில் குவாஜா குத்புத்தீன் பக்தியார் காக்கீ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலமும், அதையொட்டி, பெரிதும் சிதைந்துள்ள ஸஃபர் மஹலும் உள்ளன. கோடைக்காலத்தில் தங்குவதற்காகப் பயன்பட்ட இந்த மாளிகையின் பெரிய வாயிலைக் கட்டியவர் பஹதூர் ஷா. மாளிகையை அடுத்துச் சிறிய பளிங்குப் பள்ளிவாசல் ஒன்று; அதன் பக்கத்தில் வேலியிட்ட சிறு முற்றம். முதலாம் பஹதூர் ஷா, இரண்டாம் ஷா ஆலம், இரண்டாம் அக்பர் ஷா ஆகிய அரசர்களின் கப்ருகள் அங்கே உள்ளன. அவற்றிடையே ஒரு கப்ரு அளவுக்கு இடம் வெறுமையாக இருக்கிறது. தமக்கென்று பஹதூர் ஷா ஒதுக்கிவைத்த இடம் அது.

1858 அக்டோபர் 7-ஆம் நாள் அவரைத் தில்லியிலிருந்து வெளியேற்றி இரங்கூனுக்குக் கொண்டு சென்றனர். ஜாமிஆ மஸ்ஜித் திரும்பக் கிடைத்த அதே 1862-ஆம் ஆண்டு, நவம்பர் 7-ஆம் நாள் அவர் அங்கே காலமானார். அன்றே அடக்கம் செய்து, கப்ரு இருக்கும் இடம் தெரியாதபடி தரையைச் சமன் செய்துவிட்டனர். 1991-இல் வடிகால் தோண்டியபோதுதான் செங்கல்லால் கட்டப்பட்ட அந்தக் கப்ரு வெளிப்பட்டது. மெஹ்ரவுலியின் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.